கரும்பச்சைக் கண்ணாடி

1

நான் இங்கே மூக்குக்கண்ணாடிக்குச் சாயம் ஏற்றுகிறவன். துணிக்குச் சாயம் போடுவார்கள், நூலுக்குப் போடுவார்கள், கண்ணாடிக்குமா என்று காரைக்காலிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் யாராவது கேட்டுவிடுகிறீர்கள். ஆமாம், கண்ணாடிக்கும்தான். வில்லையைச் சூடான சாயத் தொட்டியில் முக்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அரை நிமிடம் கூடினால் மஞ்சள் செம்மஞ்சளாகிவிடும், முதலாளி வாயில் வந்ததையெல்லாம் சொல்வார். எழுபதுகளின் கடைசியிலிருந்து எனக்கு இதுதான் பிழைப்பு.

பிரான்சின் நடுவில், கடல் என்றால் என்னவென்றே தெரியாத சின்ன ஊர் இது. சனி, ஞாயிறு ஆனால் ஆண்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் கிளப்புக்குப் போய்விடுவார்கள். மிருகத்தைச் சுட அல்ல. தரைக்குள் ஒரு குழி வெட்டி எந்திரம் வைத்திருக்கிறார்கள். சுடுகிறவன் குரல் கொடுத்ததும் அது ஒரு செம்மஞ்சள் மண்தட்டை வானத்தில் வீசும். விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு இருபத்தைந்து தட்டு. பின்னால் பச்சை வேலி, அதற்கு மேல் வானம். இந்த ஊர் வானத்துக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. கால் மணிக்கு ஒருமுறை வெயில், மேகம், தூறல், மறுபடி வெயில்.

அதனால்தான் சுடுகிறவர்கள் ஒரு பெட்டி நிறைய வில்லை வைத்திருக்கிறார்கள். மேகம் மூடினால் மஞ்சள், அது இருக்கிற வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டும். பச்சை வேலிக்கு முன்னால் தட்டு தனியாகத் தெரிய வேண்டுமானால் செந்நிறம். நல்ல வெயிலுக்குப் பழுப்பு. கண்ணைக் குத்துகிற உச்சி வெயிலுக்கு மட்டும் கரும்பச்சை. அதைப் போட்டால் கூச்சம் அடங்கும், ஆனால் சிவப்பும் செம்மஞ்சளும் கறுத்துப்போய் வேலியோடு வேலியாகிவிடும். எந்த வெளிச்சத்துக்கு எதைப் போடுவது என்று கிளப்பின் தலைவரே என்னைத்தான் கேட்பார். நான் குறி தவறாமல் சுடுகிறவன் இல்லை. ஆனால் இது எனக்கு அத்துப்படி.

2

அத்துப்படியானதற்குக் காரணம் என் வலது கண். அதன் நடுவிலிருக்கும் கறுப்பு வட்டம் சுருங்காது. உங்களுக்கெல்லாம் வெயிலில் வந்தால் அது தானாகச் சுருங்கிக்கொள்ளும். எனக்குப் பெரிதாகத் திறந்தபடியே இருக்கும். வெயில் உள்ளே கொட்டும், மண்டைக்குள் ஊசி இறங்கும். அதனால் என் கண்ணாடியில் வலது வில்லையை மட்டும் தொட்டியில் அதிக நேரம் விட்டு எடுப்பேன். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

கேட்டவர்களுக்கெல்லாம் சைக்கிளிலிருந்து விழுந்து பனைமட்டை குத்திவிட்டது என்றேன். ஆஸ்பத்திரியில் அதையேதான் எழுதிக்கொண்டார்கள். என் மனைவி லூர்துமேரியிடமும் அதையேதான் சொன்னேன். இப்போது உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். அடித்தது அவளுடைய அண்ணன், சவரிமுத்து.

எழுபதுகளின் நடுவில் நான் காரைக்கால் கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். லூர்து தன் அப்பாவின் கண்ணாடிக்கு பிரேம் மாற்ற வந்தாள். பிறகு மாற்றத் தேவையில்லாத பிரேமையும் மாற்ற வந்தாள். அவர்கள் வீடு சொல்தா வீடு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், அண்ணனும் அதே பட்டாளம், வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அந்த நாளில் அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பேர் வலை வீசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெண்ணைக் கட்டினால் பேப்பர் வரும், பேப்பர் வந்தால் பிரான்சு. என்னையும் அந்தக் கும்பலில்தான் சேர்த்தார்கள். என்னிடம் இருந்தது ரேஷன் கார்டு ஒன்றுதான்.

சவரிமுத்து லீவில் வந்திருந்தார். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, "அப்பா கிளிஞ்சல்மேட்டுல சிநேகிதர் வீட்ல இருக்காரு, கண்ணாடி கால் கழண்டுபோச்சு, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்களேன் தம்பி" என்றார். அவ்வளவு மரியாதை. நானும் ஸ்குரூ டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன், மடையன். கடற்கரையில் படகுகளுக்குப் பின்னால் நிறுத்தினார். இடுப்பிலிருந்து பட்டாளத்துப் பெல்ட்டை உருவினார்.

"பேப்பர் வேணுமாடா? ஒனக்குப் பிரெஞ்சுப் பேப்பர் வேணுமா?" அடிக்கு ஒரு பேப்பர். பக்கிளை வெளியே விட்டு அடித்தார். முதுகு, தோள், காது. நான் முகத்தைத் திருப்பியபோது பக்கிள் கண்ணில் இறங்கியது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "யப்பா, விட்டுருப்பா, செத்துகித்துத் தொலையப்போறான்" என்று கத்தினாள். அவர் அதற்கப்புறமும் நிறுத்தவில்லை. கை ஓய்ந்த பிறகு பெல்ட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் மணலில் ஸ்குரூக்களைத் தேடிக்கொண்டு கிடந்தேன். கடை சாமான் ஆயிற்றே!

போலீசுக்குப் போயிருந்தால் லூர்துவை வீட்டில் பூட்டியிருப்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவள் அப்பா இறந்தார், அம்மா இறங்கிவந்தார், கல்யாணம் நடந்தது. சவரிமுத்து ஆப்பிரிக்காவில் இருந்தார், வரவில்லை. ஒரு வாழ்த்துத் தந்திகூட இல்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. பத்து வருடமாக ஒவ்வொரு வெயிலிலும் நான் அவரை மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

3

இங்கே ஒவ்வொரு அலுவலகக் கவுண்டரிலும் நான் ஒரு வேடிக்கைப் பொருள். என் பெயர் ஞானப்பிரகாசம். அப்பா பெயர் அந்தோணி. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்கு இல்லை என்றேன். எல்லாருக்கும் இருக்கும் என்றாள் கவுண்டரில் இருந்த அம்மாள். கடைசியில் அப்பாவைக் குடும்பமாக்கிவிட்டு என்னைச் சுருக்கி 'ழ்ஞானா' என்று எழுதினாள். அன்றிலிருந்து தபால்காரர்கூட என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

துப்பாக்கிக் கிளப்பில் சேர டாக்டர் சான்றிதழ் வேண்டும். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். வலது கண்ணின் வட்டம் சுருங்கவில்லை. மறுபடி அடித்தார். "சண்டையா?" என்றார். "பனைமரம்" என்றேன். பனைமரம் எப்படியிருக்கும் என்று கால் மணி நேரம் விளக்க வேண்டியதாயிற்று. பார்வை சரியாக இருந்ததால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எங்கள் மகள் க்ளாராவுக்கு இந்த வருடம் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை. ஊரில் என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடாமல் பிள்ளை கோயில் படி ஏறாது. லூர்து தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"பத்து வருஷமா நீங்க மூஞ்சிய உர்ருனு வச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு அண்ணனுக்கு ஒரு கடுதாசி போடல. இப்ப வரச்சொல்லி எழுதியாச்சு. அது வந்து புள்ளைக்கு மாலை போடணும். நடுவுல நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்க, புள்ளையக் கூட்டிக்கிட்டு அது கூடவே காரைக்காலுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன் ஆமா."

லூர்து சும்மா மிரட்டுகிறவள் இல்லை. என்னைக் கட்டுவேன் என்று சொன்னதையும் இப்படித்தான் சொன்னாள், செய்தாள்.

க்ளாராவுக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பப்பா, எனக்கு ஒன்க்ள் நிறைய பேர் இருக்காங்கதானே, ஏன் இவர் மட்டும்?" என்று பிரெஞ்சில் கேட்டாள். அவள் மொழியில் சித்தப்பனும் மாமனும் ஒன்றுதான். நான் தமிழில் ஆரம்பித்தேன். பாதியில் தலையணை உறைக்குள் காலை விட்டு விளையாடப் போய்விட்டாள். அவளிடம் நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வருகிறது, பிரெஞ்சில் கேட்டால் சிரிப்பு வருகிறது.

4

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊரோடு இருந்த சவரிமுத்து வந்தார். தலை நரைத்து, தொப்பை போட்டு, ஒரு பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாட்டோடு வந்தார். க்ளாரா மூக்கைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். லூர்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் என்னைப் பார்த்து, "வாங்க மாப்ள, எப்படியிருக்கீங்க?" என்றார், என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு!

ஒரு வார்த்தை எதிர்பார்த்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம். 'அன்னிக்குக் கோவத்துல' என்று ஒரு முனகல் போதும். ஒன்றும் இல்லை. சாப்பிட்டார், ஏப்பம் விட்டார், பட்டாளத்துக் கதை சொன்னார், என் நாற்காலியில் தூங்கினார். மூன்றாம் நாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னார்: "மாப்ள, கலர்க் கண்ணாடியெல்லாம் போடுறீங்களாமே, எனக்கு ஒண்ணு குடுங்களேன். வெயில் கண்ணு கூசுது."

கண் கூசுகிறதாம். என்னிடம் சொல்கிறார். கையிலிருந்த காப்பித் தம்ளரை அப்படியே அந்த முகத்தில் அடித்திருப்பேன். லூர்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாளைக்குச் சனிக்கிழமை, கிளப்புக்கு வாங்க மச்சான்" என்றேன். "சுட்டுப் பாக்கலாம். கண்ணாடி நான் தர்றேன்."

"அட, வர்றேனே! கை நமநமங்குது" என்றார்.

5

விருந்தாளி சுடலாம், உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும். போட்டேன்.

கிளப்பில் பொதுவாக என்னோடு சாப்பிடுகிறவர் ஒருவர்தான், மனுவேல். போர்த்துக்கீசியர், அறுபதை நெருங்கியவர். குழிக்குள் உட்கார்ந்து எந்திரத்தில் தட்டு வைப்பது அவர் வேலை. இங்கே எல்லாரும் இங்கிலீஷில் 'புல்' என்று கத்தினால்தான் தட்டு வரும். எனக்கு வேகத்தில் 'போடு' என்று வந்துவிடும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். மனுவேல்தான் சிரிக்காமல் 'போடு'வுக்கும் தட்டு விடப் பழகிக்கொண்டார்.

அன்று காலையெல்லாம் வெயில். எங்கள் முறை வந்தபோது மேகம் மூடி, வேலி சாம்பலாகிவிட்டது. மஞ்சள் வில்லை போடவேண்டிய வெளிச்சம், சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெட்டியைத் திறந்து மஞ்சளைக் கையில் எடுத்தேன். பக்கத்தில் கரும்பச்சை இருந்தது. மஞ்சளைத் திரும்ப வைத்துவிட்டேன்.

"என்ன மாப்ள, இருட்டிக்கிட்டு வருது?"

"அப்படித்தான் மச்சான் இருக்கும். போகப்போகப் பழகிடும்."

"நீங்க சொன்னா சரிதான். தொழில் தெரிஞ்சவரு."

என் திட்டம் அவ்வளவுதான். பட்டாளத்து வீரர் இருபத்தைந்திலும் தவற வேண்டும். அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னாலும் அவர் முகம் தொங்க வேண்டும். நான் மூன்று அடி பின்னால் மதிப்பெண் அட்டையோடு நின்றேன்.

அவர் 'போடு' என்றே கத்தினார். தட்டு போனது. அவர் எங்கோ சுட்டார். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பிடரி சிவந்தது. நான் ஒவ்வொரு முட்டையையும் பேனா அழுந்த, காகிதம் கிழிகிற மாதிரி போட்டேன். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

பதினெட்டாவது தட்டு. "போடு!" ஒன்றும் வரவில்லை. "போடு!" எந்திரம் சிக்கிக்கொண்டுவிட்டது. அப்படியானால் குழியிலிருந்து ஒரு கம்பில் சிவப்புக் கொடி மேலே வரும். கொடி தெரிந்ததும் எல்லாரும் துப்பாக்கியை மடித்துத் திறந்து, குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் மனுவேல் ஏறி வருவார். கொடி வந்தது. வரிசையில் நின்ற மற்ற நால்வரும் துப்பாக்கியை மடித்தார்கள். சவரிமுத்து மடிக்கவில்லை. தோளில் வைத்தபடியே காத்திருந்தார்.

அவருக்குக் கொடி தெரியவில்லை. கரும்பச்சையில் சிவப்பு கறுத்துப்போகும் என்று மேலே எழுதினேனே, அந்தச் சிவப்பு கொடிக்கும் சேர்த்துத்தான். அதை நான் யோசிக்கவே இல்லை. தெரியாது என்று தப்பிக்க முடியாது, என் தொழிலே அது.

குழியின் விளிம்பில் மனுவேலின் தொப்பி எழும்பியது. சவரிமுத்துவின் கண்ணுக்கு அது அசைகிற ஒரு வட்டம், அவ்வளவுதான். துப்பாக்கிக் குழல் அதைத் தொடர்ந்து நகர்ந்தது.

கத்த வேண்டும். எனக்குப் பிரெஞ்சும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அட்டையை எறிந்துவிட்டுப் பாய்ந்து குழலைக் கீழிருந்து மேலே அடித்தேன். வெடித்தது. வானத்தில் போனது. அவர் பட்டாளத்துக்காரர், யோசிக்காமல் முழங்கையால் என் நெஞ்சில் ஒரு இடி இடித்தார். புல்லில் மல்லாந்து விழுந்தேன். காது இரைந்தது. மனுவேல் குழி விளிம்பில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து கண்ணாடியைக் கழற்றினார். கொடியைப் பார்த்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடி கழற்றினார்.

"வேணும்னே குடுத்தியா?" தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"ஆமா" என்றேன், புல்லில் கிடந்தபடியே. "என் கண்ணக் கெடுத்தீங்கல்ல? பத்து வருஷமா இது வெயிலுக்குச் சுருங்கலங்க. பெல்ட்டால அடிச்சீங்களே, மறந்துபோச்சா?"

"எந்தக் கண்ணு?" என்றார்.

அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண் கெட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. நான்தான் ஊரெல்லாம் பனைமட்டை என்று சொல்லிவைத்திருந்தேனே! அவர் குனிந்து என் முகத்தருகே வந்து, ஒரு கண்ணையும் அடுத்த கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

கிளப் தலைவர் ஓடிவந்து கத்தினார். சவரிமுத்து விறைப்பாக நின்று பட்டாளத்துப் பிரெஞ்சில், "என் தப்பு. கொடியைக் கவனிக்கவில்லை" என்றார். இனி இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார்கள். சரி என்றார். நான் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

6

காரில் பாதி வழி வரை அவர் அந்தக் கண்ணாடியின் காலை மடித்து மடித்துத் திறந்தார். பிறகு சொன்னார்: "ஒன்ன நான் அடிச்சேன். ரொம்ப அடிச்சேன். ஒரு கண்ணு போகும்னு நெனைக்கல, அது என் பாவம். அதுக்கு நீ என்னை என்ன வேணா பண்ணு. குழிக்குள்ள இருந்தானே, அவன் ஒன்ன என்ன பண்ணான்?"

நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

"வண்டியத் திருப்பு."

"மச்சான், வேலை போயிடும். லைசென்சு போயிடும்."

"திருப்புறியா, ஸ்டீரிங்க நான் புடிக்கவா?"

திருப்பினேன். மனுவேல் கொட்டகைக்குப் பின்னால் சிகரெட்டைப் பற்றவைக்க முடியாமல் தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். வில்லை, நிறம், கொடி, எதற்காகச் செய்தேன், எல்லாம். எனக்கு இருக்கும் ஓட்டைப் பிரெஞ்சில் சொல்லும்போது அது இன்னும் அசிங்கமாக இருந்தது. அவர் கடைசிவரை கேட்டார். சிகரெட்டைக் கீழே போட்டார். முஷ்டியால் என் வாயில் ஒன்று விட்டார். முன்பல் ஆடியது. "நாலு பிள்ளைகள் எனக்கு" என்றார். மறுபடி ஒன்று விட்டார். நான் கையைத் தூக்கவில்லை. சவரிமுத்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், இறங்கவில்லை.

7

வீட்டுக்குள் நுழைந்தபோது லூர்து மறுநாள் விருந்துக்கு இறைச்சி வதக்கிக்கொண்டிருந்தாள். என் சட்டையெல்லாம் ரத்தம், உதடு இரண்டு மடங்கு. எனக்குப் பின்னால் அவள் அண்ணன்.

"யாரு அடிச்சா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் கரண்டியோடு பாய்ந்துவிட்டாள். என்மேல் அல்ல. அண்ணன் தோளில், கையில், மார்பில், கொதிக்கிற எண்ணெய் சொட்டச் சொட்ட அடித்தாள்.

"மறுபடியும் அடிச்சியா? பாவி! ஒரு கண்ணக் கெடுத்தது பத்தாதா ஒனக்கு? மிச்சத்தையும் எடுக்கத்தான் ஏரோபிளேன் ஏறி வந்தியா?"

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "லூர்து, அது பனைமட்டை…" என்று உளறினேன்.

"சும்மா இருங்க! பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? முதுகுல எங்கண்ணன் பெல்ட்டோட பக்கிள் தழும்பு ஏழு இருக்கு, பனைமட்டைக்குப் பக்கிள் இருக்குமா? நீங்களா சொல்வீங்கன்னு பத்து வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்காகத்தானே இவனுக்கு ஒரு வரி எழுதல!"

சவரிமுத்து நகரவில்லை. எண்ணெய் பட்ட கை கன்றிச் சிவந்துகொண்டிருந்தது. தடுக்கவில்லை, 'நான் அடிக்கல' என்று சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் மறுபடி கரண்டியை ஓங்கினாள். க்ளாரா அறை வாசலில் வெள்ளை அங்கியோடு நின்று அழுதாள்.

நான் ஊமையாக இருந்திருந்தால், எல்லாம் என் பக்கம். நான் பத்து வருடமாக ஆசைப்பட்டது அப்படியே கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. தங்கை கையால் அவர் அடி வாங்குகிறார்.

கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் சுட்டது. "அவர் அடிக்கல லூர்து" என்றேன். "நான் ஒருத்தனக் கொல்லப் பாத்தேன். அவன் அடிச்சான்." ஆடுகிற பல்லோடு முழுவதையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். அண்ணன் கையில் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குப் புள்ளைக்குப் புதுநன்மை. போய் மூஞ்சியக் கழுவுங்க. அது முடியட்டும். இங்க இருக்கிறதா, போறதான்னு அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்."

மறுநாள் தாய்மாமன் கட்டுப்போட்ட கையோடு மாலை போட்டார். புகைப்படம் எடுக்கும்போது க்ளாரா என் காதருகே வந்து, "பப்பா, நீ நிற்க வேண்டாம்" என்றாள். தமிழில் சொன்னாள். ஒதுங்கிக்கொண்டேன்.

சவரி மச்சான் ஊர் வந்து சேர்ந்திருப்பார், நீங்களும் பார்த்திருப்பீர்கள். லூர்து சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள், இரவு அதே கட்டிலில்தான் படுக்கிறாள். மூன்று வாரமாகிறது. அவள் இன்னும் சொல்லவில்லை.